எந்தப் பாகம், எந்த அத்தியாயம்?

போஸ்ட்கார்டு எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன மாதம் எனக்கு ஒன்று வந்தது. அனுப்பியவர் வாலாஜாபாத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நுணுக்கி நுணுக்கி எழுதிய கையெழுத்து.

‘காஞ்சிபுரம் பற்றிய தங்கள் கட்டுரை படித்தேன். நகரங்களுக்குள் உயர்ந்தது காஞ்சி என்று காளிதாசன் பாடியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த நூல்? எந்தச் சருக்கம்? எத்தனையாவது சுலோகம்? தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.’

அவ்வளவுதான். திட்டவில்லை, கிண்டல் பண்ணவில்லை. ஆனால் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் அந்த மூன்று கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை. எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். கல்யாணப் பத்திரிகையில், ஜவுளிக்கடை விளம்பரத்தில், சுற்றுலாக் கையேட்டில் என்று எங்கே பார்த்தாலும் அந்த வடமொழி வரி இருக்கிறது. பாதிப் பேர் காளிதாசன் என்பார்கள், மீதிப் பேர் பாரவி என்பார்கள். ரகுவம்சமா, குமாரசம்பவமா, மேகதூதமா என்று கேட்டால் இரண்டு கோஷ்டியும் கப்சிப். நான் ஒரு வாரம் தேடினேன். சுலோக எண்ணோடு எழுதியிருக்கிற ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருடமே சொல்லிக்கொடுத்த பாடம், வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்பது. பத்து ரூபாய் டீச் செலவுக்கே சீட்டு கேட்கிற படிப்பு அது. காளிதாசன் பெயரில் ஒரு பெரிய தொகையை நான் சீட்டே இல்லாமல் கணக்கில் எழுதியிருக்கிறேன். ஆடிட்டர் வாலாஜாபாத்தில் இருந்திருக்கிறார்.

காஞ்சிக்கு ஒரு பட்டுப்புடவை வேலையாகப் போக வேண்டியிருந்தது. அப்படியே வாத்தியாரையும் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

* * *

வாலாஜாபாத் என்றதும் நிறையப் பேர் வாலாஜாபேட்டையை நினைத்துக்கொள்கிறார்கள். அது ராணிப்பேட்டை மாவட்டம். இது காஞ்சிபுரம் மாவட்டம், செங்கல்பட்டு போகிற சாலையில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். இரண்டிலும் இருப்பது ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர்தான். பெயர் ஒன்று, இடம் வேறு. இன்றைய விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

காஞ்சியிலிருந்து பஸ்ஸில் வந்தால் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று நெசவாளர் ஊர்களாக வரும். வாத்தியார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“வாங்க தம்பி. நான் சும்மா ஒரு சந்தேகம் கேட்டேன், நீங்க நேர்லயே வந்துட்டீங்களே” என்றார்.

“தப்புதான் ஐயா. ஆதாரம் இல்லாம எழுதிட்டேன்.”

“நீங்க மட்டுமா? அப்பர் தேவாரத்துல காஞ்சியோட கல்வியைப் பத்தி வருமே, அதை மேடையில சரியாச் சொன்ன ஆளை நான் அபூர்வமாத்தான் பார்த்திருக்கேன். நாலாம் திருமுறையில அந்த இடத்துல இருக்கறது ‘ஐ’ உருபு. எல்லாரும் ‘இல்’ போட்டுச் சொல்றாங்க. உருபு மாறினா பொருளும் கொஞ்சம் நகருது. யார் புத்தகத்தைத் திறந்து பார்க்கறா?”

அதோடு காபி குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அவருடைய பேத்தி வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். முகம் சரியில்லை. “சார்கிட்ட காட்டு” என்றார் தாத்தா. தயங்கித் தயங்கி ஓர் அசைன்மென்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தலைப்பு, ‘சிவகாமியின் சபதத்தில் ஓலைகள்’. கல்கியின் அந்த நாவலில் ஓலைகளும் தூதுகளும் கதையை எப்படி நகர்த்துகின்றன என்று எழுதியிருந்தாள். இந்த ஊர்ப் பெண்ணுக்கு எட்டு மைல் தள்ளி நடக்கிற கதை. நன்றாகவே இருந்தது. ஆனால் அவள் மேற்கோள் காட்டியிருந்த ஒவ்வொரு இடத்திலும் சிவப்பு மையில் ஒரு சுழி. கடைசிப் பக்கத்தில், ‘குறிப்பிட்ட பக்கங்களில் இந்த வரிகள் இல்லை. மேற்கோள்கள் பொய்யானவை.’

பொய்யானவை! இந்த வார்த்தைதான் அந்தப் பெண்ணைச் சாப்பிட விடாமல் பண்ணிக்கொண்டிருந்தது. மார்க் போனதுகூட அப்புறம்தான். “நான் புக்கை வச்சுக்கிட்டேதான் சார் எழுதினேன்” என்றாள். கண்ணில் தண்ணீர்.

புத்தகத்தையும் கொண்டுவந்தாள். தாத்தாவின் பழைய பதிப்பு, நான்கு பாகம், நான்கு தனிப் புத்தகம். வரிகள் எல்லாம் அங்கேயே இருந்தன, அவள் எழுதிய அதே பக்கங்களில். பின்னே என்ன ஆயிற்று? பேராசிரியர் வைத்திருந்தது நான்கு பாகமும் சேர்ந்த ஒரே தடித்த பதிப்பாம். அதில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் வேறு யாரோ வேறு எங்கோ குதிரையில் போய்க்கொண்டிருப்பார்கள்.

இதில் யார் மேல் தப்பு? பேராசிரியர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். அந்தப் பெண்ணும் ‘கல்கி, ப. 212’ என்று மட்டும் எழுதி விட்டுவிட்டாள். எந்தப் பதிப்பு, எந்தப் பாகம் என்று இல்லை. விலாசத்தில் தெருப் பெயரே எழுதாமல் கதவு எண் மட்டும் எழுதின மாதிரி.

* * *

தமிழ் நாவல்களைப் பொறுத்தவரை இது சின்ன விஷயம் இல்லை. கல்கியின் நூற்றாண்டு 1999-ல் வந்தது. அதை ஒட்டி அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆயின. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆகிவிட்டது. அடித்தார்கள். பொடி எழுத்தில் ஒன்று, பெரிய எழுத்தில் ஒன்று, படத்தோடு ஒன்று, படமில்லாமல் ஒன்று. போதாக்குறைக்கு மின்னூல்கள். அவற்றில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கக் கணக்கே மாறிவிடும். இப்படிப்பட்ட நூலுக்கு வெறும் பக்க எண் கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

நல்லவேளையாக, வழியையும் கல்கியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் வாராவாரம் தொடர்கதையாக எழுதியவர். சின்னச் சின்ன அத்தியாயம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சிவகாமியின் சபதத்துக்கு நான்கு பாகம்: பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிட்சுவின் காதல், சிதைந்த கனவு. பாகம், அத்தியாய எண், அத்தியாயத் தலைப்பு மூன்றையும் எழுதிவிட்டால் எந்தப் பதிப்பை வைத்திருப்பவரும் இரண்டு நிமிடத்தில் இடத்தைப் பிடித்துவிடுவார். அதோடு, தான் பார்த்த பதிப்பின் பதிப்பகம், ஆண்டு, பக்கம். அவ்வளவுதான் சமாசாரம்.

அமெரிக்காவில் மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன் என்று ஒரு சங்கம். இலக்கிய மாணவர்கள் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்று தடியாக ஒரு கையேடு போடுகிறார்கள். அதன் ஒன்பதாவது பதிப்பு 2021-ல் வந்தது. பல பதிப்பு வந்த நாவல் என்றால் பக்க எண்ணுக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வைத்து அத்தியாயத்தையும் எழுது என்கிறார்கள். உரைநடை நான்கு வரிக்கு மேல் போனால் மேற்கோள் குறி போடாமல், தனிப் பத்தியாக உள்ளே தள்ளி எழுது என்கிறார்கள். விதி என்றால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் எளியது. நான் சொல்வதை நம்பாதே, நீயே போய்ப் பார் என்று படிக்கிறவனுக்கு வழி காட்டுகிற மரியாதை அது.

‘கல்கி’ என்று மட்டும் போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ரா. கிருஷ்ணமூர்த்தியின் புனைபெயர், 1941-ல் தொடங்கிய பத்திரிகையின் பெயரும்கூட. எந்தக் கல்கி? வாலாஜாபாத்தா, வாலாஜாபேட்டையா என்கிற கதைதான்.

* * *

இடம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. நாவலில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அதில் மாணவர்கள் மட்டுமில்லை, என்னைப் போன்ற பத்திரிகைக்காரர்களும் வழக்கமாக விழுவோம்.

ஒரு கட்டுரையிலிருந்து வரியை எடுத்தால் ஆசிரியர் சொன்னார் என்று எழுதலாம். நாவலில் அப்படி முடியாது. நாவலில் பேசுகிறவர்கள் பலர். சிவகாமியின் சபதத்தில் நாகநந்தி என்கிற பிட்சு இருக்கிறார். வாதாபிப் புலிகேசியின் உடன்பிறந்தவர், காஞ்சிக்கு உளவு பார்க்க வந்தவர். பல்லவர்களைப் பற்றி அவர் வாயில் வருகிற ஒரு வாக்கியத்தை எடுத்து ‘கல்கி கூறுகிறார்’ என்று போட்டால் என்ன ஆகும்? எதிரியின் வாக்குமூலத்தை எடுத்து ஆசிரியரின் கையெழுத்தை அடியில் போட்டதாக ஆகும். அதனால் யார் பேசுகிறார், யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் என்று மேற்கோளுக்கு முன்னால் ஒரே ஒரு வாக்கியமாவது இருக்க வேண்டும்.

அடுத்தது வெட்டுவது. இது தமிழுக்கே உரிய ஆபத்து. நம் வாக்கியத்தில் ‘இல்லை’, ‘மாட்டேன்’ எல்லாம் கடைசியில்தான் வரும். ‘இவனை நம்பலாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை’ என்று ஒருவன் சொன்னால், முதல் இரண்டு வார்த்தையோடு நிறுத்தி மூன்று புள்ளி வைத்துப் பாருங்கள். ‘இவனை நம்பலாம்…’ வரியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அர்த்தம் தலைகீழ்.

மூன்றாவது, திருத்துவது. பழைய பதிப்பில் இருக்கிற ‘ணை’, ‘லை’யின் யானைத் தும்பிக்கை எழுத்தை 1978-க்குப் பிறகு வந்த சீர்திருத்த எழுத்தில் எழுதினால் குற்றமில்லை. அது உருவம்தான். ஆனால் கல்கி ‘வேஷம்’ என்று எழுதியதை ‘வேடம்’ என்று மாற்ற நமக்கு உரிமை கிடையாது. தமிழ்ப் பற்றில் பண்ணினாலும் அது மேற்கோள் ஆகாது. அவர் எழுதாததை அவர் பெயரில் எழுதியதுதான்.

இதையெல்லாம் அந்தப் பெண் என்னைவிட நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள். ஏனென்றால் அவள் எழுதியிருந்த விஷயமே அதுதான். நாகநந்தி கொடுத்த ஓலையை எடுத்துக்கொண்டு பரஞ்சோதி புறப்படுகிறான். வழியில் வஜ்ரபாகு என்ற வேஷத்தில் வருகிற மகேந்திர பல்லவர் அந்த ஓலையை எடுத்துவிட்டு வேறு ஓலையை வைத்துவிடுகிறார். கொண்டுபோகிறவனுக்கு அது தெரியாது. அவன் ரொம்ப நேர்மையானவன். நேர்மையாக, சிரமப்பட்டு, வேறொரு சேதியைச் சுமந்துகொண்டு போகிறான். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே கட்டுரையில் ஒட்டுகிற பிள்ளைகளும், ஜவுளிக்கடை விளம்பரத்தை நம்பிக் காளிதாசனை இழுத்த நானும், எல்லாரும் பரஞ்சோதிகள்தான். வழியில் ஓலையைப் பிரித்துப் பார்க்காதவர்கள்.

* * *

தமிழில் மேற்கோள் காட்டுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் இல்லை. நம் உரையாசிரியர்கள் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டியவர்கள். ஆனால் பல இடங்களில் நூல் பெயர் சொல்ல மாட்டார்கள். பாடல் வரியைச் சொல்லிவிட்டு ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிடுவார்கள். யார் அந்தப் பிறர்? அவர்கள் காலத்து மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். பல நூற்றாண்டு கழித்து உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உட்கார்ந்தபோது, நச்சினார்க்கினியர் உரையில் இப்படி வந்த வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று தெரியாமல் அவர் பட்ட பாட்டை என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். ஊர் ஊராகச் சுவடி தேடி, பழைய நூல்களை ஒவ்வொன்றாகப் படித்து, இந்த வரி இங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். சிந்தாமணி 1887-ல் அச்சில் வந்தது. சங்க நூல்களை நோக்கி அவரை இழுத்துப் போனதில் இந்த முகவரி இல்லாத மேற்கோள்களுக்கும் பங்கு உண்டு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று கையில் இருப்பவை 19 பாடல்கள். வளையாபதியில் 72. இவையும் கிடைத்தது எப்படி? யாரோ உரையில் மேற்கோளாக எடுத்தாண்டார்கள், யாரோ தொகுப்பு நூலில் சேர்த்துவைத்தார்கள். மயிலை சீனி. வேங்கடசாமி ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். அதில் வருகிற பல நூல்களுக்கு மேற்கோளாக மிஞ்சிய சில வரிகள்தான் உயிர்.

மேற்கோள் ஒரு நூலைக் காப்பாற்றும். அதே மேற்கோள் ஆளையும் சாய்க்கும். அது ஒன்றும் பழங்கதை இல்லை, நம் கண் முன்னால் நடந்தது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010-ல் வெளிவந்தது. நான்கு வருடம் சும்மா இருந்தது. 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டுத் திருவிழா வருகிற சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் விநியோகித்தார்கள். குழந்தை இல்லாத காளி, பொன்னா என்கிற தம்பதியின் துக்கத்தைச் சொல்கிற நாவல் அது. முன்னாலும் பின்னாலும் இருந்த அந்தத் துக்கம் நகலில் வரவில்லை. யார் யாரிடம் எந்த மனநிலையில் பேசுகிறார்கள் என்பதும் வரவில்லை. புத்தகம் எரிந்தது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டிவந்தது. வரிகள் பொய் இல்லை, பக்க எண்ணும் சரிதான். பிடுங்கிய விதம்தான் தப்பு.

2016 ஜூலை 5-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் நாவலை முழுமையாகப் படித்து, முழுமையாக வைத்துப் பேசினார்கள். அதன் பிறகுதான் அவர் மறுபடி எழுத வந்தார். ஒன்றரை வருடம் ஒரு எழுத்தாளன் ஊமையாக இருந்ததற்குப் பின்னால் இருந்தது சில ஜெராக்ஸ் தாள். மேற்கோள் என்பது பரீட்சை சமாசாரம், நமக்கென்ன என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு தரம் யோசித்துப் பார்க்கலாம்.

* * *

இப்போது வேலை இன்னும் கஷ்டமாகிவிட்டது. பொன்னியின் செல்வன் 2022-லும் 2023-லும் இரண்டு பாகமாகப் படமாக வந்தது. வசனம் எழுதியவர் ஜெயமோகன். தியேட்டரில் கைதட்டல் வாங்கிய வசனத்தைக் கல்கியின் வரி என்று எழுதினால் இரண்டு எழுத்தாளர்களுக்கும் அநியாயம் செய்கிறோம்.

இன்னொரு பக்கம் கேட்டதும் கட்டுரை எழுதித் தருகிற செயற்கை நுண்ணறிவு. அது இல்லாத வரியை உண்டாக்கி, இல்லாத பக்க எண்ணும் கொடுக்கும். குரலில் சந்தேகமே இருக்காது. நியூயார்க்கில் ஒரு விமானக் கம்பெனி மேல் போட்ட வழக்கில், அது சொன்ன தீர்ப்புகளை வக்கீல்கள் அப்படியே மனுவில் மேற்கோள் காட்டினார்கள். அந்தத் தீர்ப்புகள் எங்குமே இல்லை. 2023 ஜூனில் கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டது. அவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கித் தேடிப் பார்த்திருந்தால் போதும்.

பேத்திக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாத்தியார் பக்கத்து வீட்டுத் தறிக்கு எங்களை அழைத்துப் போனார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கோர்வைப் புடவை. கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா, ஓர் ஆள் போதாமல் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர். இரண்டு நிற இழையும் சேருகிற இடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கோத்துக் கோத்து நெய்கிறார்கள். புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள்.

“பார்த்தியாம்மா? கரை எது, உடல் எதுன்னு பார்த்ததும் தெரியணும். ஆனா கோர்வை விடக்கூடாது. உன் வார்த்தை எது, கல்கி வார்த்தை எதுன்னு அதே மாதிரி தெரியணும்” என்றார். இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே அவள் உட்கார்ந்து ஒவ்வொரு மேற்கோளுக்கும் பாகம், அத்தியாயம், தலைப்பு, யார் யாரிடம் சொன்னது என்று எழுதினாள். தாத்தாவின் பதிப்பு விவரத்தையும் சேர்த்தாள். பேராசிரியருக்கு ஒரு கடிதமும். அதில் கோபம் இல்லை. ‘ஐயா, தங்கள் பதிப்பில் இந்த அத்தியாயங்களைப் பார்க்க வேண்டுகிறேன்’ என்று ஒரே வரி.

பத்து நாள் கழித்து வாத்தியாரிடமிருந்து அடுத்த போஸ்ட்கார்டு. பேராசிரியர் புத்தகத்தைத் திறந்து பார்த்தாராம். ‘பொய்யானவை’யை அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறாராம். மார்க் எவ்வளவு என்று வாத்தியார் எழுதவில்லை. அடித்ததைத்தான் எழுதியிருந்தார்.

என் பங்குக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வாசகர்களே, காஞ்சியைப் பற்றிக் காளிதாசன் சொன்னதாகப் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நூலும் சுலோக எண்ணும் தெரிந்தவர்கள் எழுதலாம். எண் இல்லாமல் எழுத வேண்டாம்.

வாத்தியாருக்கு நன்றி சொல்லி நானும் ஒரு கார்டு போட்டேன். நான்கு நாளில் திரும்பி வந்துவிட்டது. விலாசத்தைப் பார்த்தேன். வாலாஜாபேட்டை என்று எழுதியிருக்கிறேன்.